எக்ஸ்எம்ஐ கோப்பு பிழையில்லாமல் திறக்கிறது. உள்ளே இருப்பது அதே மாடல்தானா?

#1 பெட்டிஅம்பு

கருவி அ-வில் வரைந்த சிஸ்எம்எல் 1.6 (பொறியியல் அமைப்புகளை மாடலாக வரையும் குறியீட்டுமுறை) மாடலை எக்ஸ்எம்ஐ (மாடலைக் கருவிக்குக் கருவி கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கருவி ஆ-வில் இம்போர்ட் செய்ய வேண்டும். ஆ-விலிருந்து கோட் ஜெனரேட்டர் ஐடிஎல் (இடைமுகங்களை விவரிக்கும் மொழி) கோப்புகளையும் சி++ தலைப்புக் கோப்புகளையும் எழுதித் தரும். இரண்டு கருவிகளின் கையேட்டிலும் "எக்ஸ்எம்ஐ 2.5.1 ஆதரவு உண்டு" என்று இருக்கிறது. இம்போர்ட் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டாமல் முடிகிறது. அப்புறம் பார்த்தால்:

1) 0..* (குறைந்தது 0, உச்சவரம்பு இல்லை) என்று இருந்த உறவுகள் 1..* ஆகிவிட்டன. 2..5 என்று இருந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.
2) பிளாக்குகள் எல்லாம் வெறும் கிளாஸாக வந்திருக்கின்றன.
3) மாடல் மரத்தில் எல்லாப் பெயரும் இருக்கிறது, வரைபடம் ஒன்றுகூட இல்லை.
4) ஆ-விலிருந்து எதையும் மாற்றாமல் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தால் கிட் டிஃப் (இரண்டு பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) கோப்பு முழுவதையும் சிவப்பும் பச்சையுமாகக் காட்டுகிறது.

தப்பு அ-வின் மேலா, ஆ-வின் மேலா, தரநிலையின் மேலா? எந்த முனையிலிருந்து பிடிப்பது?

#2 மெட்டாமணி

நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1) இது ஆ-வின் பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் பகுதி) பிழை. அ எழுதிய கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து அந்த உறவின் முனையைத் தேடுங்கள். குறிப்பெயர்களைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

<லோயர்வேல்யூ வகை="லிட்டரல்இன்டிஜர்" ஐடி="_7"/>
<அப்பர்வேல்யூ வகை="லிட்டரல்அன்லிமிடெட்நேச்சுரல்" ஐடி="_8" வேல்யூ="*"/>

முதல் வரியில் வேல்யூ என்ற பண்பே இல்லை. அ அதை மறக்கவில்லை. ஒரு பண்பின் மதிப்பு மெட்டாமாடல் (மொழியின் உறுப்புகளை வரையறுக்கும் மாடல்) சொல்லும் இயல்பு மதிப்பாகவே இருந்தால் அதை எழுதாமல் விட எக்ஸ்எம்ஐ அனுமதிக்கிறது. லிட்டரல்இன்டிஜரின் இயல்பு மதிப்பு 0. ஆகவே 'கீழெல்லை 0' என்பதை எழுதும் வழக்கமான முறையே இதுதான்: உறுப்பு இருக்கும், அதில் மதிப்பு இருக்காது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விதி. லோயர்வேல்யூ என்ற உறுப்பே இல்லாவிட்டால் கீழெல்லை 1. ஆக இரண்டு விதமான இல்லாமை இருக்கிறது. ஒன்றுக்குப் பொருள் 0, மற்றொன்றுக்கு 1. ஆ-வின் பார்சர் இரண்டையும் ஒரே கிளையில் தள்ளி 1 என்று முடித்துவிடுகிறது. நான் சொல்வது சரியென்றால் உங்கள் 0..1 எல்லாமும் வெறும் 1 ஆகியிருக்க வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு வழி: நடுவில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்து, மதிப்பில்லாத லிட்டரல்இன்டிஜர் எல்லாவற்றுக்கும் வேல்யூ="0" சேர்த்துவிடுங்கள். வெளிப்படையாக எழுதுவதும் தரநிலைப்படி செல்லும் என்பதால் கோப்பு கெடாது.

2) சிஸ்எம்எல் 1.x தனி மொழி அல்ல, யூஎம்எல் (மென்பொருள் மாடலிங் மொழி) மேல் போர்த்திய ப்ரொஃபைல், அதாவது நீட்டிப்பு. 'பிளாக்' என்பது ஒரு கிளாஸின் மேல் ஒட்டிய ஸ்டீரியோடைப், கூடுதல் பொருள் தரும் முத்திரை. கோப்பில் அந்த ஒட்டு கிளாஸுக்குள் இருக்காது. மாடல் உறுப்பு மூடிய பிறகு, கோப்பின் கடைசிப் பகுதியில், தனித்தனி வரிகளாக நிற்கும். ஒவ்வொரு வரியும் 'பேஸ்_கிளாஸ்' என்ற பண்பால் மேலே உள்ள ஒரு கிளாஸின் ஐடியைச் சுட்டும். அந்த வரிகளின் பெயர்வெளி (குறிகள் எந்தத் தரநிலையின் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி) ஆ-வுக்குத் தெரிந்த சிஸ்எம்எல் பெயர்வெளியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால், ஆ அவற்றை அறியாத குறிகளாக நினைத்துச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். மிஞ்சுவது வெறும் கிளாஸ்.

கையேட்டில் உள்ள "எக்ஸ்எம்ஐ 2.5.1" பாதித் தகவல்கூட இல்லை. மூன்று பதிப்புகள் பொருந்த வேண்டும்: எக்ஸ்எம்ஐ பதிப்பு, யூஎம்எல் மெட்டாமாடல் பதிப்பு, ப்ரொஃபைல் பதிப்பு. கோப்பின் முதல் சில வரிகளில் பெயர்வெளிகளின் நடுவே எட்டு இலக்கத் தேதி இருக்கும். யூஎம்எல் பெயர்வெளியில் 20110701 என்றால் 2.4.1, 20131001 என்றால் 2.5, 20161101 என்றால் 2.5.1. ஈகிளிப்ஸ் யூஎம்எல்2 வழிவந்த கருவிகள் ஓஎம்ஜி (இந்தத் தரநிலைகளை வெளியிடும் அமைப்பு) பெயர்வெளியே போடாமல் தங்கள் சொந்தப் பெயர்வெளியைப் போடும். அதையும் எல்லோரும் 'எக்ஸ்எம்ஐ' என்றுதான் சொல்வார்கள்.

பெயர்வெளி வரியை மட்டும் மாற்றிவிட்டால் பெரும்பாலும் ஸ்டீரியோடைப் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். சிஸ்எம்எல் 1.3-இல் ஃப்ளோபோர்ட் (போர்ட் என்பது பிளாக்கின் இணைப்பு முனை) கைவிடப்பட்டு ப்ராக்ஸிபோர்ட், ஃபுல்போர்ட் வந்தன. 1.2 காலத்து மாடலுக்கு 1.6 பெயர்வெளியை ஒட்டினால் திறக்கும், போர்ட்டுகளின் பொருள் மட்டும் பிசகும்.

3) எக்ஸ்எம்ஐ மாடலைச் சுமக்கும், படத்தை அல்ல. படத்துக்கென்று யூஎம்எல் 2.5-இன் பின்னிணைப்பில் டயகிராம் இன்டர்சேஞ்ச் இருக்கிறது, அதை முழுதாகப் பேசும் கருவிகள் குறைவு. பெரும்பாலான கருவிகள் பெட்டியின் இடம், அகலம், நிறம் எல்லாவற்றையும் 'எக்ஸ்டென்ஷன்' உறுப்புக்குள் தங்கள் பாணியில் போடுகின்றன. அதை அடுத்த கருவி படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படம் போகாது என்றே திட்டம் போடுங்கள். பார்வைக்கு எஸ்விஜி படக்கோப்பு அனுப்பலாம்.

4) இதைச் சோதனைக்கூடம் இன்னும் நன்றாகச் சொல்வார்.

#3 சோதனைக்கூடம்

கூப்பிட்டதால் வந்தேன். :)

எக்ஸ்எம்ஐ கோப்பை வரிக்கு வரி டிஃப் பார்ப்பதே வீண் வேலை. காரணங்கள் குறைந்தது மூன்று.

முதலாவது, ஒரே மதிப்பைப் பண்பாகவும் எழுதலாம், உள்உறுப்பாகவும் எழுதலாம். அ ஒரு விதம், ஆ ஒரு விதம். இரண்டாவது, வரிசை முக்கியமில்லாத பட்டியல்களை ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் வேறு வரிசையில் எழுதும் கருவிகள் உண்டு. மூன்றாவதுதான் தலைவலி: ஐடி.

எக்ஸ்எம்ஐ-யில் ஐடி என்பது அந்த ஆவணத்துக்குள் மட்டும் தனித்து இருந்தால் போதும். ஆவணம் தாண்டி நிலைக்க வேண்டிய அடையாளத்துக்கு யூயூஐடி என்று வேறு பண்பு இருக்கிறது. சில கருவிகள் ஐடியையே நிலையாக வைத்திருக்கும், சில எக்ஸ்போர்ட்டுக்கு எக்ஸ்போர்ட் புதிதாக உருவாக்கும். இன்னும் சில, கிளாஸுக்கு நிலையான ஐடி கொடுத்துவிட்டு, லோயர்வேல்யூ மாதிரி பெயரில்லாத உறுப்புகளுக்கு மட்டும் தினம் ஒரு புது ஐடி போடும். டிஃப் சத்தத்தில் பெரும் பங்கு இந்தக் கடைசி வகை.

இதில் ஒரு சின்னக் குழி. ஐடி என்பது எக்ஸ்எம்எல் ஐடி வகை, அது இலக்கத்தில் தொடங்கக் கூடாது. தற்செயலாக உருவாகும் யூயூஐடியின் முதல் எழுத்து 16-இல் 10 தடவை இலக்கமாகத்தான் இருக்கும். அதனால் ஒரு கருவி எல்லாவற்றுக்கும் முன்னால் அடிக்கோடு போடும், இன்னொன்று இலக்கத்தில் தொடங்குவதற்கு மட்டும் போடும், வேறொன்று 'ஐடி-' என்ற முன்னொட்டு சேர்க்கும். போய் வந்த பிறகு பாதி உறுப்புகள் 'நீக்கப்பட்டுப் புதிதாகச் சேர்க்கப்பட்டவை' போல் தெரிந்தால் முதலில் முன்னொட்டைப் பாருங்கள். ரெக்ஐஎஃப் (தேவைப் பட்டியல்களைப் பரிமாறும் வடிவம்) கோப்புகளின் அடையாளங்களிலும் இதே கதைதான். தேவைகளிலிருந்து மாடலுக்கு வரும் சுட்டிகள் அறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

செய்ய வேண்டியது: கோப்பை விடுங்கள், மாடலைத் தட்டையாக்கி ஒப்பிடுங்கள். மாடலை ஏற்றி, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு வரி எழுதும் ஸ்கிரிப்ட் போதும்:

மெட்டாகிளாஸ் | முழுப்பெயர் | பண்பு | மதிப்பு

இயல்பு மதிப்புகளையும் நிரப்பி எழுதுங்கள். சுட்டிகளை ஐடியாக எழுதாமல் இலக்கின் முழுப்பெயராக எழுதுங்கள். பெயரில்லாதவற்றுக்குத் தாயின் பெயரோடு பண்பின் பெயரைச் சேர்த்தால் போதும். வரிசை பொருளுள்ள இடங்களில் (ஆபரேஷனின் பாராமீட்டர்கள், எனுமரேஷன் என்னும் நிலையான பட்டியலின் மதிப்புகள்) வரிசை எண்ணையும் சேருங்கள். பிறகு சார்ட் செய்து டிஃப். சத்தம் அடங்கி, உண்மையில் மாறியது மட்டும் தெரியும்.

எக்ஸ்எம்ஐ தரநிலையிலேயே 'கனானிக்கல் எக்ஸ்எம்ஐ' என்று, ஒரு மாடலை ஒரே விதமாகத்தான் எழுத முடியும்படி இறுக்கிய வடிவம் இருக்கிறது. உங்கள் கருவியின் எக்ஸ்போர்ட் பட்டியலில் அது இருந்தால் அதிர்ஷ்டம், எடுத்துக்கொள்ளுங்கள்.

#4 பழையகோடு

யாரும் சொல்லாததால் சேர்க்கிறேன். டைமண்ட் (காம்போசிஷன் என்னும் முழு-பகுதி உறவைக் காட்டும் சாய்சதுரக் குறி) எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

யூஎம்எல் 1.4-இல் காம்போசிஷன் குறி முழுப்பொருளின் பக்கத்து முனையில் பதிவாகும், அதாவது டைமண்ட் வரையும் பக்கத்திலேயே. யூஎம்எல் 2-இல் அது பகுதியைக் குறிக்கும் ப்ராப்பர்ட்டியில் பதிவாகும், டைமண்ட் எதிர்முனையில் வரையப்படும். படம் ஒன்றுதான், பதிவு மட்டும் தலைகீழ். பழைய மாடலை மாற்றும் கன்வர்ட்டர் இதைக் கவனிக்காமல் முனைக்கு முனை அப்படியே நகலெடுத்தால் 'இன்ஜின் வண்டியின் பகுதி' என்பது 'வண்டி இன்ஜினின் பகுதி' ஆகிவிடும். கோட் ஜெனரேட்டர் அதை நம்பி டிஸ்ட்ரக்டர் (பொருளை நீக்கும்போது ஓடும் கோட்) எழுதும். இன்ஜினை நீக்கினால் வண்டியே போய்விடும்.

பழைய கோப்பு என்று அடையாளம் காண எளிய வழி: 'எக்ஸ்எம்ஐ' என்பதற்கும் 'ஐடி' என்பதற்கும் நடுவில் முக்காற்புள்ளிக்குப் பதில் புள்ளி இருந்தால் அது எக்ஸ்எம்ஐ 1.x.

இன்னொன்று: கமெண்ட், டாக்குமென்டேஷன் பத்திகளில் வரி உடைப்பு போகிறதா? எக்ஸ்எம்எல் பண்புக்குள் நேரடியாக வைத்த புதுவரியைப் பார்சர் இடைவெளியாக மாற்றித்தான் தரும், அது எக்ஸ்எம்எல் விதி. &#10; என்று எழுதியிருந்தால்தான் தப்பும். பத்தி பத்தியாக எழுதிய தேவைகள் மறுபக்கம் ஒரே கயிறாக வந்தால் இதுதான் காரணம்.

#5 நேர்கோடு

எல்லாம் சரிங்க. ஆனா இவ்வளவு ஸ்கிரிப்ட் எழுதுறதுக்கு, அ-வோட ஏபிஐயை (நிரல் வழியா பேசுற இடைமுகம்) கூப்பிட்டு நமக்கு வேண்டியதை மட்டும் ஜேசன் கோப்பா எடுத்து, ஆ-வோட ஏபிஐ வழியா உள்ள தள்ளிடலாமே? எக்ஸ்எம்ஐ முதல் பதிப்பு 1999-லயே வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல ரெண்டு கருவி ஒழுங்கா கை குலுக்கலன்னா தப்பு எங்கன்னு யோசிக்க வேண்டாமா? "தரநிலை"ன்ற பேருக்காக அதையே கட்டி அழுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

#6 மெட்டாமணி

இரண்டே கருவி, ஒரே திசை என்றால் நீங்கள் சொல்வது நியாயம்தான். நானே அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

கருவிகள் ஐந்தானால் கணக்கு மாறும். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு திசையிலும் மாற்றி எழுதினால் 5 × 4 = 20 மாற்றிகள். நடுவில் ஒரு பொது வடிவம் இருந்தால் போக ஒன்று, வர ஒன்று என்று 10. ஒரு கருவியின் பதிப்பு ஏறும்போது முதல் வழியில் 8 மாற்றிகளைத் தொட வேண்டும், இரண்டாவதில் 2. உங்கள் ஜேசனும் நாளைக்கு மூன்றாவது கருவி வந்ததும் நடு வடிவம்தான் ஆகும். அப்போது அதற்கு ஸ்கீமா வேண்டும், இயல்பு மதிப்பு விதி வேண்டும், அடையாள விதி வேண்டும். சுற்றிச் சுற்றி மோஃப் (எக்ஸ்எம்ஐ-க்கு அடித்தளமான ஓஎம்ஜி தரநிலை) என்பதன் ஒரு மூலையை மறுபடி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

தரநிலை தோற்றது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. பிபிஎம்என் 2.0-ஐ (வணிகச் செயல்முறைகளை வரையும் தரநிலை) பாருங்கள். அதுவும் ஓஎம்ஜி-தான், 2011-இல் வந்தது. அதில் செயல்முறையும் படமும் ஒரே ஆவணத்தில், ஒரே தரநிலையில். ஒவ்வொரு பெட்டிக்கும் எக்ஸ், ஒய், அகலம், உயரம்; ஒவ்வொரு அம்புக்கும் திருப்பப் புள்ளிகள். அதனால் படம் கருவி தாண்டிப் போகிறது. யூஎம்எல்-இல் படத்தைப் பின்னால் தனியாகச் சேர்த்தார்கள், அதற்குள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வழியில் நெடுந்தூரம் போய்விட்டார்கள்.

எக்ஸ்எம்ஐ-யின் பெரிய குறை வேறு. அது வாக்கிய அமைப்பைக் கட்டுகிறது, தேர்வுகளைத் திறந்து விடுகிறது. பண்பா உறுப்பா, ஐடியா யூயூஐடியா, ஒரே கோப்பா பல கோப்பா, முனையை வைத்திருப்பது கிளாஸா அசோசியேஷனா என்று எல்லாம் உங்கள் விருப்பம். அந்தத் தேர்வுகளை இரண்டு பக்கத்தாரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடாதவரை 'ஆதரவு உண்டு' என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

#7 பெட்டிஅம்பு

மெட்டாமணி, நீங்கள் சொன்னதுபோல 0..1 எல்லாம் 1 ஆகித்தான் இருக்கிறது. வேல்யூ="0" சேர்த்ததும் இரண்டும் சரியாகிவிட்டன. ஸ்டீரியோடைப் பெயர்வெளியில் தேதி வேறாக இருந்தது, அதுவும் சரி.

சோதனைக்கூடம் சொன்ன தட்டைப் பட்டியல் போட்டதும் புதிதாக ஒன்று அகப்பட்டது. ஆ-வில் 'ஸ்ட்ரிங்' என்ற வகை இரண்டு இருக்கிறது. ஒன்று கருவியோடு வந்தது, இன்னொன்று என் மாடலின் வேரிலேயே முளைத்திருக்கிறது. ஜெனரேட்டர் இரண்டாவதுக்குக் காலியான ஒரு கிளாஸ் எழுதுகிறது. இன்டிஜருக்கும் அப்படியே.

#8 சோதனைக்கூடம்

அடிப்படை வகைகள் உங்கள் கோப்புக்குள் இல்லை. அவை ஓஎம்ஜி-யின் ப்ரிமிட்டிவ்டைப்ஸ் நூலகக் கோப்பில் இருக்கின்றன, உங்கள் கோப்பிலிருந்து அந்த முகவரிக்குச் சுட்டி மட்டும் போகிறது. ஆ-வுக்கு அந்த முகவரி தெரியாததால் சுட்டியின் கடைசிப் பெயரை வைத்து ஒரு போலி வகையை உருவாக்கிவிட்டது. ஈகிளிப்ஸ் வழிக் கருவிகள் இணைய முகவரிக்குப் பதில் 'பாத்மேப்' என்று தொடங்கும் உள்முகவரியைப் போடும், அப்போதும் இதே விளைவு. ஸ்கிரிப்டில் முகவரி மாற்றுப் பட்டியல் ஒன்று வையுங்கள்: இடப்பக்கம் அ-வின் முகவரி, வலப்பக்கம் ஆ-வின் முகவரி. பட்டியலில் இல்லாத வெளிச்சுட்டி ஒன்று வந்தாலும் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்க வேண்டும், தாண்டிப் போகக் கூடாது.

அதைவிட ஆபத்தானது இன்டிஜர். யூஎம்எல்-இன் இன்டிஜருக்கு அகலம் கிடையாது, கணிதத்தில் சொல்லும் முழு எண். ஐடிஎல் எழுதும் ஜெனரேட்டர் அதை 'லாங்' ஆக்கினால் 32 பிட். சி++ எழுதும் ஜெனரேட்டரும் 'லாங்' ஆக்கினால் 64 பிட் லினக்ஸில் 64, விண்டோஸில் 32. பெயர் ஒன்று, அகலம் மூன்று இடத்தில் இரண்டு விதம். மில்லிசெகண்ட் எண்ணியை 32 பிட் குறியுள்ள எண்ணில் வைத்தால் 24.8 நாளில் எதிர்மறையாகும். ஒரு வாரச் சோதனையில் சிக்காது.

மாடலில் நேரடியாக இன்டிஜர் பயன்படுத்தவே வேண்டாம். இன்ட்16, இன்ட்32, இன்ட்64, ஃப்ளோட்64 என்று பத்துப் பன்னிரண்டு வகைகளோடு உங்களுக்கென ஒரு பொது நூலகம் வையுங்கள். அதற்கு நீங்களே நிலையான யூயூஐடி கொடுங்கள். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் வகைமாற்று அட்டவணை ஒன்றே ஒன்று, அதைக் கிட்டில் வைத்து மதிப்பாய்வு செய்யுங்கள்.

பெரிய மாடலில் தேடுவதைவிடச் சோதனை மாடல் ஒன்று கட்டிக்கொள்வது நல்லது. 20 உறுப்புக்கு மேல் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை: 1, 0..1, 0..*, 1..*, 2..5 என்று ஐந்து பெருக்க எல்லைகள்; ஒரு காம்போசிஷன், ஒரு அக்ரிகேஷன் (தளர்வான முழு-பகுதி உறவு); ஒரு பக்கம் மட்டும் போகும் உறவு ஒன்று, இரு பக்கமும் போவது ஒன்று; மூன்று மதிப்புள்ள எனுமரேஷன்; எண், சரம், எனுமரேஷன் மூன்று வகை டேக் (ஸ்டீரியோடைப் சேர்க்கும் பண்பு) உள்ள ஸ்டீரியோடைப் ஒன்று; தமிழ்ப் பெயருள்ள கிளாஸ் ஒன்று; பெயரில் & மற்றும் < உள்ள உறுப்பு ஒன்று; மூன்று வரிக் கமெண்ட்; வேறு கோப்பில் உள்ள பேக்கேஜுக்குச் சுட்டி ஒன்று. அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து திரும்ப அ. இரண்டு தட்டைப் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். கருவியின் பதிப்பு ஏறும் ஒவ்வொரு முறையும் இதை ஓட்டுங்கள். ஓஎம்ஜி-யின் மாடல் இன்டர்சேஞ்ச் ஒர்க்கிங் குரூப் இந்த மாதிரி சோதனை மாடல்களைப் பொதுவில் வைத்திருக்கிறது, அங்கிருந்தும் எடுக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அ → ஆ → அ சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று ஆகாது. ஆ தனக்குப் புரியாததைப் பொட்டலமாகக் கட்டி வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் இந்தச் சோதனை தேறும். ஆகவே ஆ-வில் இறங்கியதும் அதன் சொந்த ஏபிஐ வழியாக ஒரு பட்டியல் எடுத்து நடுவிலும் ஒப்பிடுங்கள்.

#9 கட்டத்துள்கட்டம்

சிமுலேஷன் பக்கம் எஃப்எம்ஐ (சிமுலேஷன் மாடல்களைக் கருவிகளுக்கிடையே இணைக்கும் தரநிலை) பயன்படுத்தப் போகிறவர்கள் இழையைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். எஃப்எம்ஐ 1.0 வந்தது 2010-இல், 2.0 2014-இல், 3.0 2022-இல். எக்ஸ்எம்ஐ-யோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ ஒழுங்கு. காரணம், இது மாடலின் உள்ளே இருப்பதைப் பரிமாற முயலவில்லை. உள்ளே போகும் எண்ணையும் வெளியே வரும் எண்ணையும் மட்டும் பேசுகிறது. அப்படியும் விழும் இடங்கள் உண்டு.

எஃப்எம்யூ, அதாவது எஃப்எம்ஐ-படி பொட்டலம் கட்டிய மாடல், ஒரு ஜிப் கோப்பு. மாடல்டிஸ்கிரிப்ஷன் கோப்பு அதன் வேரில் இருக்க வேண்டும். கையால் திறந்து திருத்தி மறுபடி ஜிப் செய்பவர்கள் கோப்புறையையே ஜிப் செய்துவிடுவார்கள், அப்போது அது ஒரு படி உள்ளே போய்விடும். "செல்லாத எஃப்எம்யூ" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மாடல்டிஸ்கிரிப்ஷனில் உள்ள ஜியூஐடியும் (தனித்த அடையாளம்) பைனரிக்குள் பதிந்த ஜியூஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும் (3.0-இல் இதன் பெயர் இன்ஸ்டன்ஷியேஷன் டோக்கன்). எக்ஸ்எம்எல்-ஐப் புதிதாக உருவாக்கிவிட்டுப் பழைய டிஎல்எல்-ஐ உள்ளே வைத்தால் இன்ஸ்டன்ஷியேட் அழைப்பு வெற்றுச் சுட்டியைத் திருப்பும், காரணத்தை லாகில்தான் தேட வேண்டும்.

பைனரி கோப்புறைகளின் பெயர்கள் 2.0-க்கும் 3.0-க்கும் வேறு. 2.0-இல் வின்64, லினக்ஸ்64. 3.0-இல் செயலிக் கட்டமைப்பு முன்னால், இயங்குதளம் பின்னால். எக்ஸ்எம்எல்-ஐ மட்டும் 3.0-க்கு மாற்றி கோப்புறையை மாற்றாவிட்டால் 'இந்தத் தளத்துக்குப் பைனரி இல்லை' என்று வரும்.

வேல்யூ ரெஃபரன்ஸ் எண்களை (எஃப்எம்யூ ஒவ்வொரு மாறிக்கும் தரும் எண்) வெளியே எங்கும் சேமிக்காதீர்கள். மாடலில் ஒரு மாறியைச் சேர்த்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் எண்கள் நகரக்கூடும். பெயரால் தேடி, ஏற்றும்போதே எண்ணைப் பெறுங்கள்.

அலகு இன்னொன்று. அலகு விவரம் கட்டாயமில்லை, அதனால் பலர் எழுதுவதில்லை. ஒரு எஃப்எம்யூ நிமிடச் சுற்று என்று 3000 கொடுக்கும், அடுத்தது அதை ரேடியன்/வினாடி என்று வாங்கும். சரியான மதிப்பு 314.16. ஏறக்குறைய 9.55 மடங்கு தவறு, ஆனால் வரைகோட்டின் வடிவம் கச்சிதமாக இருக்கும். அலகு இல்லாத மாறியை இணைக்கவே விடாதபடி உங்கள் ஸ்கிரிப்டில் தடை போடுங்கள்.

கோ-சிமுலேஷனில் (ஒவ்வொரு எஃப்எம்யூவும் தனியே கணக்கிட்டு, படிக்கு ஒருமுறை மதிப்புகளை மாற்றிக்கொள்ளும் முறை) இரண்டு எஃப்எம்யூ ஒன்றுக்கொன்று ஊட்டினால், ஒருவர் வெளியீடு மற்றவருக்கு ஒரு தொடர்புப் படி தாமதமாகத்தான் கிடைக்கும். 10 மில்லிசெகண்ட் படி என்றால் கட்டுப்பாட்டு வளையத்தில் இல்லாத ஒரு 10 மில்லிசெகண்ட் தாமதத்தை நீங்களே செருகியிருக்கிறீர்கள். வரைகோடு ஊசலாடினால் கன்ட்ரோலரைத் திருகும் முன் படியைப் பாதியாக்கி ஓட்டுங்கள். விடை மாறினால் குற்றம் படியில்.

#10 பெட்டிஅம்பு

என் மாடலின் எனுமரேஷன் எஃப்எம்யூ வழியாகவும் ஐடிஎல் வழியாகவும் போகிறது. இரண்டு பக்கமும் ஜெனரேட்டர்தான் எழுதுகிறது. இதில் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா?

#11 கட்டத்துள்கட்டம்

நிறைய இருக்கிறது. எஃப்எம்ஐ-யில் எனுமரேஷன் கடைசியில் ஒரு முழு எண். யூஎம்எல்-இல் எனுமரேஷன் மதிப்புக்கு எண் கிடையாது, வரிசை மட்டும்தான். ஜெனரேட்டர் வரிசையை எண்ணாக்குகிறது.

நிலை: நின்றது, தயார், ஓட்டம். எண்கள் 0, 1, 2. யாரோ நடுவில் 'பிழை' சேர்க்கிறார்: நின்றது, பிழை, தயார், ஓட்டம். இப்போது தயார் = 2. அனுப்புபவர் புதிய கோடில் இருக்கிறார், பெறுபவர் பழைய கோடில். அனுப்புபவர் 'தயார்' என்று 2 அனுப்ப, பெறுபவர் அதை 'ஓட்டம்' என்று படிக்கிறார். எந்தச் சோதனையும் கத்தாது, ஏனென்றால் 2 இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் எண்.

ஒவ்வொரு மதிப்புக்கும் வெளிப்படையாக ஓர் எண் கொடுங்கள் (ஸ்டீரியோடைப் டேக் போதும்), ஜெனரேட்டர் அதைத்தான் எடுக்க வேண்டும். எண் இல்லாத மதிப்பு வந்தால் ஜெனரேட்டர் நிற்க வேண்டும். 0-வை 'அறியப்படாதது' என்று ஒதுக்கிவிடுங்கள், துவக்காத நினைவகம் நல்ல நிலையாக வேடம் போடாது. நீக்கிய எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

#12 நேர்கோடு

சரி, நான் கொஞ்சம் இறங்கி வரேன். ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்க ஏன் இன்னும் 1.6-லயே நிக்கணும்? சிஸ்எம்எல் 2 ஓஎம்ஜி-யில 2025-ல முறையா ஏத்துக்கிட்டாங்க. எழுத்து வடிவம் இருக்கு, கிட்டுல அழகா டிஃப் ஆகும். ஏபிஐயும் தரநிலைக்குள்ளயே இருக்கு. எக்ஸ்எம்ஐ தொல்லையே வேண்டாம்.

#13 மெட்டாமணி

இதில் உங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். சிஸ்எம்எல் 2 யூஎம்எல் ப்ரொஃபைல் அல்ல, கெர்எம்எல் என்ற தனி அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அதனால் 'கோப்பின் வாலில் ஸ்டீரியோடைப்' என்ற சிக்கலே எழாது. ஏபிஐயில் ப்ராஜெக்ட், கமிட், பிராஞ்ச், எலிமெண்ட் எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. எலிமெண்டுக்கு யூயூஐடிதான் அடையாளம்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. எழுத்து வடிவத்தை மட்டும் கிட்டில் வைத்தால் யூயூஐடி அதில் வராது. பெயர் மாற்றினால் 'மாற்றம்' என்று தெரியாமல் 'ஒன்று போய் ஒன்று வந்தது' என்று தெரியும். தேவைகளின் சுட்டிகள் யூயூஐடியை நம்பியிருந்தால் ஏபிஐ வழிக் களஞ்சியத்தையே மூலமாக வையுங்கள், எழுத்தைப் பார்வைக்கு வையுங்கள்.

இரண்டாவது, 1.x-லிருந்து மாறும்போது பிளாக் → பார்ட் டெஃப், பார்ட் ப்ராப்பர்ட்டி → பார்ட், வேல்யூடைப் → அட்ரிப்யூட் டெஃப் என்று நேராகப் போவது எளிது. உங்கள் சொந்த ஸ்டீரியோடைப்கள் நேராகப் போகாது. அவை ஒவ்வொன்றுக்கும் மெட்டாடேட்டாவா, புது டெஃபனிஷனா என்று மனிதர் ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். 40 ஸ்டீரியோடைப் இருந்தால் 40 முடிவு. மாற்றும் முன் எத்தனை உண்மையில் பயன்பாட்டில் இருக்கின்றன என்று தட்டைப் பட்டியலில் எண்ணிப் பாருங்கள், பாதி செத்தவையாக இருக்கும்.

#14 பெட்டிஅம்பு

1.6-ஐ இந்தப் பதிப்பு முடியும்வரை வைத்துக்கொள்கிறோம். நடு ஸ்கிரிப்டில் இப்போது நான்கு வேலை: இயல்பு மதிப்பு நிரப்புவது, பெயர்வெளி மாற்றுவது, வெளிச்சுட்டிப் பட்டியல், ஐடி முன்னொட்டு. ஒரே கேள்வி பாக்கி. இந்த ஸ்கிரிப்ட் மாற்றிய கோப்பைக் கிட்டில் வைப்பதா, அ எழுதிய மூலத்தை வைப்பதா?

#15 சோதனைக்கூடம்

மூலத்தை மட்டும் வையுங்கள், கூடவே ஸ்கிரிப்டையும் தட்டைப் பட்டியலையும். மாற்றிய கோப்பு பில்டில் ஒவ்வொரு முறையும் பிறக்கட்டும். அதைக் கிட்டில் போட்டால் என்றாவது ஒருநாள் யாராவது அதையே கையால் திருத்திவிடுவார்கள், அ-வுக்கு அது தெரியவே தெரியாது. மதிப்பாய்வுக்கு எக்ஸ்எம்ஐ-யைத் திறக்கச் சொல்லாதீர்கள், தட்டைப் பட்டியலின் டிஃபைக் காட்டுங்கள். ஸ்கிரிப்ட் எத்தனை இடத்தைத் தொட்டது என்று வகைவாரியாக எண்ணி லாகில் எழுதச் சொல்லுங்கள். ஆ-வின் அடுத்த பதிப்பில் 0..* சரியாகிவிட்டால் அந்தத் திருத்தத்தை அணைத்துவிட்டு சோதனை மாடலை ஓட்டிப் பார்த்து, தேறினால் ஸ்கிரிப்டிலிருந்து அந்த வரிகளை எடுத்துவிடலாம்.